செவ்விளநீருக்கு ஒரு பிரஷ்

கல்கிசைக் கடற்கரைக்கு இறங்கும் வழியில், ரயில் பாதையைக் கடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தம்பிலிக் கடை இருக்கிறது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு தடி, ஒரு தகரக் கூரை, குலை குலையாகச் செவ்விளநீர், ஒரு ஐஸ் பெட்டி. போன வருசம் அதை நடத்துகிற அண்ணா என்னிடம் ஒரு போர்ட் டிசைன் பண்ணித் தரச் சொன்னார். நான் வீட்டிலிருந்து டிசைன் வேலை செய்கிற ஆள். கலியாண கார்ட், சாமத்திய வீட்டு பெனர், கண்ணீர் அஞ்சலி, டியூஷன் நோட்டீஸ், எது வந்தாலும் செய்வேன். தம்பிலி போர்ட் ஒரு பின்னேர வேலை என்றுதான் நினைத்தேன். ஆறு கிழமை எடுத்தது.

ஆங்கிலத்துக்கு பசிஃபிகோ போட்டேன். பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். உருண்டு திரண்டு, ஒரு எழுத்து மற்ற எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிரஷ் எழுத்து. வேர்னன் அடம்ஸ் என்பவர் 2011இல் செய்தது. 1950களின் அமெரிக்க அலைச்சறுக்குக் கலாசாரத்தைப் பார்த்துச் செய்ததாம். அதனாலோ என்னவோ, கடற்கரைக் கடை என்றாலே கை தன்பாட்டில் அதைத்தான் தேடிப் போகிறது. சிங்களத்துக்கு அண்ணாவின் சினேகிதர் ஒருவர் பிரஷ்ஷால் கடதாசியில் எழுதி, ஃபோனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அள்ளிக்கொண்டு போகிற மாதிரி எழுத்து. பிறகு அண்ணா சொன்னார்: "நங்கி, தெமளட்டத் மொனவாஹரி தாண்ண." தமிழுக்கும் ஏதாவது போடுங்கோ.

ஏதாவது. அவர் கூடாத எண்ணத்தில் சொல்லவில்லை. தமிழ் வேணும் என்று கேட்டதே அவர்தான். வெள்ளவத்தையிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், அவர்களுக்கும் வாசிக்க வேணும் என்றார். ஆனால் அந்த "ஏதாவது"தான் இந்த ஊரில் தமிழ் எழுத்துக்கு வழமையாகக் கிடைக்கிற இடம். நானும் அதையேதான் செய்தேன். கணினியில் கிடந்த லதாவை எடுத்துப் போட்டேன். விண்டோஸோடு வருகிற அதே லதா. போர்டைத் தள்ளி நின்று பார்த்தால், ஆங்கிலம் கடலில் நீந்துகிறது, சிங்களம் மணலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, தமிழ் மட்டும் நேராக நின்று ஐ.சி. காட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகு காலி வீதியில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் போர்டுகளை மட்டுமே பார்த்தேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் கல்கிசையிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் ஜன்னல் பக்கம் இருந்தால் போதும். ஐஸ்கிரீம், பேக்கரி, சலூன், ஜிம் என்று எதை எடுத்தாலும் ஆங்கிலமும் சிங்களமும் ஆடுது, சாயுது, குதிக்குது. தமிழ் இருந்தால், அது ஒரு சுற்றறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டினது போல இருக்கும். வெள்ளவத்தை சாரிக் கடைகளில் தமிழ் பெரிதாக, பளபளப்பாக இருக்கும், சரி. அங்கேயும் அது கலியாண வீட்டுக்கு உடுத்தித் தயாராகி நிற்கிற தமிழ். வீட்டில் சாரமும் பெனியனுமாக இருக்கிற தமிழ் எங்கே? பகிடி விடுகிற தமிழ்? அதை நாங்கள் வாயால் மட்டும்தான் கதைக்கிறோம். சுவரில் எழுதுவதில்லை.

சாதாரணமாக, தளர்வாக இருக்கிற எழுத்து பாதுகாப்பாக உணர்கிற ஆட்களுடைய எழுத்து என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. சின்ன வயதில் அம்மா பஸ்ஸில் என்னை "மெல்லமாக் கதை" என்று சொல்லிக்கொண்டே வருவா. சத்தமாக "அம்மா" என்று கூப்பிட்டால் கையை அமத்துவா. எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை, பழகிவிட்டது. இந்த போர்டில் நான் லதாவைப் போட்டதும் அதே பழக்கம்தானோ?

சரி, நல்ல பிரஷ் ஃபொண்ட் ஒன்றைத் தேடுவோம் என்று இறங்கினேன். கூகிள் ஃபொண்ட்ஸில் தமிழுக்கு இப்போது ஓரளவு தெரிவு இருக்கிறது. கவிவாணர் இருக்கிறது. எங்கள் நாட்டுக்காரரான தாரிக் அஸீஸ் செய்தது, சாய்ந்த கையெழுத்துப் பாணி. எனக்கு மிகப் பிடிக்கும், அழைப்பிதழுக்கும் குறிப்புகளுக்கும் அடிக்கடி எடுப்பேன். ஆனால் அது பேனா பிடித்த கை. ஆறடிப் பலகையில் பிரஷ் சிங்களத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மெலிந்துபோய்த் தெரிகிறது. எக் டைப் காரரின் பலூ தம்பி கொழுகொழு என்று இருக்கும், அன்பான எழுத்து, ஆனால் நேசரிப் பிள்ளைகளின் போர்ட் மாதிரி ஆகிவிடும். (இந்த பலூ குடும்பத்தின் பெயர்களைக் கவனித்தீர்களா? குஜராத்திக்கு பாய், மலையாளத்துக்கு சேட்டன், தெலுங்குக்கு தம்முடு, எங்களுக்குத் தம்பி. அண்ணனாக விடவே மாட்டார்கள்.) கொய்னி நாணயம் போல உருண்டை. அரிமா மதுரையின் முனைகள் வடிவாக வளையும், ஆனால் அது கலியாண கார்ட் ஆள். பிரஷ்ஷில் எழுதின மாதிரியே என்று எனக்குக் கிடைத்த ஒன்றிரண்டும் யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருக்கள். பாமினி காலத்து வேலை. பாமினியில் "அம்மா" வர வேணுமென்றால் ஆங்கில விசைகளில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடிக்க வேணும். இங்கே அச்சகங்களில் இன்றைக்கும் அதை மின்னல் வேகத்தில் அடிக்கிற அக்காமார் இருக்கிறார்கள். எனக்கு வராது.

ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தால், வேலைப்பாரம் ஒரு காரணம். ஆங்கிலத்தில் ஒரு ஆள் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று 52 வரைந்து, இலக்கங்களையும் குறிகளையும் சேர்த்தால் ஏதோ ஒரு ஃபொண்ட் ஆகிவிடும். தமிழில் 247 என்று பள்ளிக்கூடத்தில் எண்ணினோம். எல்லாவற்றையும் தனித்தனியாக வரையத் தேவையில்லை, ெ, ே, ா எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் கு, டு, து, ணு, மு, று என்று உகரம் ஒவ்வொரு எழுத்தோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டுகிறது. ஊகாரமும் அப்படியே. 18 மெய்க்கு 36 உருவம் அதிலேயே போய்விடும். அவை ஒவ்வொன்றும் பிரஷ்ஷின் ஒரே இழுவையில் வந்தது போலத் தெரிய வேணும். இல்லாவிட்டால் பொய் என்று கண்ணுக்கு உடனே பிடிபடும்.

இன்னொரு காரணம் பழையது. தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்தது. எழுத்தாணி கீறும், அழுத்தினாலும் கோடு பெரிதாகத் தடிக்காது. பட்டையான பேனாவில் வளர்ந்த ஆங்கில எழுத்துக்கு எந்த இடத்தில் தடிப்பு, எந்த இடத்தில் மெலிவு என்று ஒரு பழக்கம் நூற்றாண்டுகளாக இருக்கிறது. தமிழுக்கு அந்தப் பழக்கத்தைக் குடுத்தவர்களில் முக்கியமானவர்கள் போன நூற்றாண்டின் போர்ட் எழுதுகிறவர்களும், சினிமா பெனர்காரர்களும், பத்திரிகை ஓவியர்களும்தான். தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதின தலைப்பெழுத்துகளைப் பாருங்கள், தூரிகை தமிழில் எவ்வளவு தூரம் போகலாம் என்று விளங்கும். ஆனால் அவை ஒவ்வொரு தலைப்புக்கும் ஒவ்வொரு தடவை எழுதப்பட்டவை, விசைப்பலகையில் அடிக்க முடியாது. அமெரிக்காவில் 1942இல் பிரஷ் ஸ்கிரிப்ட், 1951இல் டொம் கஷுவல் என்று கடை போர்ட் எழுதுகிறவர்களின் கையை அச்செழுத்தாக வார்த்து விட்டார்கள். எங்களுடைய கைகள் அப்படி வார்க்கப்படாமலே ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போகின்றன.

அப்படி ஒரு கையைத் தேடித்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் அவர் இருக்கிறார் என்று ஒரு அச்சகக்காரர் சொன்னார். புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போனேன். எழுபது வயது இருக்கும். லொறிப் பின்பலகை, கோயில் திருவிழா போர்ட், சினிமா, தேர்தல் எல்லாம் எழுதின ஆள். டிஜிட்டல் பிரிண்ட் வந்த பிறகு கை சும்மா இருக்கிறது என்றார். "அங்கிள், ஒரே ஒரு சொல்தான்" என்று சொன்னேன். என்ன சொல் என்று கேட்டார். சொன்னவுடனே சிரித்தார்.

"நல்லாப் பாத்து எடுத்திருக்கீங்க மகள். எல்லாக் கஷ்டமும் இதுலயே இருக்கு."

அவர் சொன்னது சரி. செ-யில் கொம்பு முன்னால் நிற்க வேணும், ஆனால் ச-வை விட்டுப் பிரிந்து போகக் கூடாது. வ்-இன் புள்ளியும் வி-யின் கொக்கியும் பக்கத்துப் பக்கத்தில் முட்டும். பிறகு ள. அதற்குப் பிறகு நீ, தலையில் சுழியோடு. கடைசியில் ர், மறுபடி புள்ளி. சோக்கட்டி தேய்த்த நூலை இழுத்து அடித்து இரண்டு கோடு போட்டார். கை ஆடாமல் இருக்க ஒரு தடியைப் பலகையில் சாய்த்து அதன்மேல் மணிக்கட்டை வைத்தார். தட்டையான பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, டின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்தார். பிறகு எழுதினார். வேகமாக எழுதுவார் என்று நினைத்தேன், பார்க்க அவ்வளவு துள்ளலான எழுத்து. இல்லை. ஒவ்வொரு இழுவையும் ஆமை மாதிரி. வளைவு வருகிற இடத்தில் விரல்களுக்குள் பிரஷ்ஷை உருட்டுகிறார், அதில்தான் தடிப்பு மெலிவாக மாறுகிறது.

"வேகமா எழுதின மாதிரி தெரியணும். வேகமா எழுதக் கூடாது" என்றார்.

முட்டுகிற புள்ளிக்கு அவர் செய்த வேலை இன்னும் பிடித்தது. வ்-இன் புள்ளியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, வட்டமாகப் போடாமல் பிரஷ்ஷின் மூலையால் ஒரு தட்டு. மழைத்துளி சரிந்து விழுகிற மாதிரி. கடைசி ர்-இன் புள்ளியும் அதே சரிவில். இரண்டு துளி. தம்பிலித் தண்ணீர்! நான் பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன், அவர் "அப்படியா?" என்றுவிட்டு பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

"விலை" என்றும் ஒன்று எழுதித் தந்தார். அதில் லை பழைய லை, யானைத் தும்பிக்கை மேலே வளைந்து வருகிறது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தோடு அச்சிலிருந்து ஒதுங்கின வடிவம். என்னுடைய தம்பிக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பிரஷ்ஷுக்கென்றே பிறந்த வளைவு அது, விட மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படம் எடுத்து, இலஸ்ட்ரேட்டரில் போட்டு, அதன்மேல் கோடு பிடித்து, "திருத்தினேன்". அங்கேதான் பிழை விட்டேன். அவருடைய ந-வில் இடப்பக்கம் அடியில் ஒரு கூரான மூலை இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் உருண்டு போகும்போது இது மட்டும் ஏன் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து, நான் அதையும் உருட்டி விட்டேன். இப்போது எல்லாம் ஒரே ஓட்டமாக இருந்தது. வடிவாகவும் இருந்தது. பிரிண்ட் எடுத்து அம்மம்மாவிடம் காட்டினேன்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டு, தாளைத் தள்ளிப் பிடித்து வாசித்தா. "செவ்விள... தீர்? அதென்ன பிள்ளை தீர்?"

ந-வும் த-வும் கீழே இறங்கி வளைகிற வாலில் ஒன்றுதான். வித்தியாசம் மேலே இடப்பக்கத்தில். த-வுக்கு அங்கே சுழி, ந-வுக்கு மூலை. அந்த மூலைதான் ந. அதை நான் வடிவுக்காக அழித்திருந்தேன். இந்த இரண்டு எழுத்தும் மாறினால் என்ன நடக்கும் என்று இலங்கைத் தமிழருக்குச் சொல்லித்தர வேணுமா? பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனம் கர்ப்பிணி நாய்மாருக்கு ஒதுக்கப்பட்ட கதை எல்லோரும் ஃபோனில் பார்த்ததுதானே. அதைப் பகிர்ந்து சிரித்தும் எரிச்சல்பட்டும் இருந்தவள் நான். தமிழ் தெரியாதவர்கள் செய்கிறார்கள், அக்கறை இல்லை என்றெல்லாம் ஸ்டோரி போட்டவள். அக்கறையோடு, தமிழ் தெரிந்து, ஆறு கிழமை இருந்து நான் செய்ததும் அதே பிழை. அங்கிளின் எழுத்து தளர்வாகத் தெரிந்தாலும் எந்த இடத்தில் தளரக் கூடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அம்மம்மா தாளைத் திருப்பித் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தா. "இது பிரஷ்ஷாலயே எழுதினது?" என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு, நான் கேட்காமலே, அவவின் அப்பாவின் கடை போர்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா.

வெள்ளவத்தையில் சுருட்டுக்கடை. யாழ்ப்பாணத்துச் சுருட்டு. மேலே தமிழில் பெயர், சிவப்பில் எழுதி மஞ்சள் நிழல் குடுத்தது. அம்மம்மாவுக்குப் பதின்மூன்று வயது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து, பிறகு வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பிரச்சினை வந்த காலம். வடக்கில் எங்கள் ஆட்கள் அந்த ஸ்ரீயின்மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மேல் தார் பூசப்பட்டது. 1958. மே மாதக் கலவரத்துக்கு முன்னாலேயே இது தொடங்கிவிட்டது.

"தாரும் பிரஷ்ஷாலதான் பூசினவங்கள்" என்றா அம்மம்மா. "அகலமான பிரஷ். ரெண்டு இழுவை. அவ்வளவுதான்."

அவவின் அப்பா தாரைச் சுரண்டவில்லையாம். பலகையைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி, ஆங்கிலத்தில் மட்டும் எழுதி மாட்டினாராம். கடையை மூடும் வரைக்கும் அப்படியே இருந்ததாம். தமிழ்ப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு.

இதை எனக்கு இருபத்தைந்து வருசமாக யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூட அரைவாசிதான் தெரியும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது, அது சட்டத்தில். தமிழ் எழுத்து திரும்பவும் அலுவலகச் சுவருக்கு வந்தது, லதாவிலும் பாமினியிலும், ஒழுங்காக, நேராக. திரும்பி வந்ததே பெரிய விசயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் கோட்டா கோ கமவில் நின்றபோது, மட்டையில் பெயின்ட்டால் கிறுக்கின தமிழ் வசனங்களைப் பார்த்தேன். எழுத்துப் பிழை, கோடு சரியில்லை, இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே வழிகிறது. அப்போது ஏன் அவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது. அவை கேட்டு வாங்கி எழுதப்பட்டவை இல்லை, எழுத வேணும் போலிருந்தது, எழுதினார்கள்.

மூலையைத் திரும்ப வைத்தேன். அங்கிள் வைத்த அதே கூரோடு. அம்மம்மா வாசித்தா, அம்மா வாசித்தா, தும்பிக்கை லையில் தடுக்கி தம்பியும் கடைசியில் வாசித்தான். பிறகு பிரிண்ட்டுக்கு அனுப்பினால் அடுத்த கூத்து. எழுத்தை நான் கோடுகளாக மாற்றி அனுப்பியிருந்தேன், ஆனால் கீழே சின்னதாக இருந்த ஒரு வரியை மறந்துவிட்டேன். அவர்களுடைய கணினியில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு போடப்படவில்லை. கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இலஸ்ட்ரேட்டரில் தமிழ் வேலை செய்கிற தம்பி தங்கைகள் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அனுப்ப முதல் எல்லா வரியையும் கோடாக மாற்றுங்கள், சின்ன வரியையும்.

இன்னொன்றும். போர்ட் வேலை முடிந்த உற்சாகத்தில் அந்தப் பிரஷ் எழுத்தை எல்லாவற்றிலும் போடப் பார்த்தேன். ஒருத்தர் முப்பத்தோராம் நாள் பெனருக்கு "ஸ்டைலான எழுத்து" கேட்டார், போட்டுக் காட்டினேன். செத்தவர் பார்ட்டிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நல்லகாலம் அவரே வேண்டாம் என்றார். மெனு கார்டில் சின்னதாகப் போட்டால் சுழிகள் அடைத்துப்போய் ண-வும் ன-வும் ஒன்றாகின்றன. தொலைபேசி இலக்கத்துக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. இரண்டு சொல், மூன்று சொல், பெரிதாக, ஆள் நடந்து போகிற தூரத்திலிருந்து. அவ்வளவுதான் அதன் எல்லை. தம்பிலிக் கடைக்கு அது போதும்.

போர்ட் இப்போது தொங்குகிறது. மூன்று மொழியும் ஒரே அளவு. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் மூன்றாவது வரியில் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கிறது, அதைச் சுருக்க வேண்டாம் என்று அண்ணாவே சொன்னார். அம்மம்மாவை ஒரு ஞாயிறு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். போர்டைப் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை. தம்பிலி குடித்துவிட்டு, வழுக்கையும் வெட்டித் தரச் சொல்லித் தமிழில் கேட்டா, சத்தமாக. அண்ணாவுக்கு "வழுக்கை" விளங்கவில்லை, நான்தான் மொழிபெயர்த்தேன்.

அண்ணா இப்போது ஐஸ் போட்ட தம்பிலி, எலுமிச்சை போட்ட தம்பிலி என்று இரண்டு புதுப் பலகை கேட்கிறார். என்னிடம் அங்கிள் எழுதினதில் எட்டு எழுத்துதான் இருக்கிறது. ஐ இல்லை, ஸ் இல்லை, எ இல்லை, லு இல்லை. "ஐ-யா?" என்று ஃபோனில் அங்கிள் இழுத்தார். "அதுக்குப் பெரிய பிரஷ் வேணும் மகள். சனிக்கிழமை வாங்க."